இரண்டரை அடிக் குரல்

தொண்டூர் பச்சைமுத்துவின் மகள் வெண்மதி பேசினால் அந்தப் பேச்சு இரண்டரை அடிக்கு மேல் போகாது. அதற்கு அப்பால் நிற்பவருக்கு உதடு அசைவது மட்டும் தெரியும். அவள் பிறந்தபோது குழந்தை அழவில்லையே என்று பதறிப்போன நர்ஸ், தூக்கிப் பார்க்கக் குனிந்த பிறகுதான் அது வீறிட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டாள். ஒன்றாம் வகுப்பில் முதல் இரண்டு மாதம் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஆப்சென்ட் விழுந்தது. ‘உள்ளேன் ஐயா’ என்று அவள் சொன்னது முன்பெஞ்சில் பட்டு நின்றுவிட்டதை வாத்தியார் தாமதமாகத்தான் கண்டுபிடித்தார். சன்னமான குரல் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது கணீரென்று கேட்டது. காது வலிக்கிற மாதிரி கத்தவும் அவளால் முடிந்தது. மூன்றாவது அடியில் சத்தம் இல்லை, அவ்வளவுதான். விழுப்புரத்தில் காட்டினார்கள். டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது, சத்தான ஆகாரம் கொடுங்கள் என்றார். ஊர் பழகிக்கொண்டது. அவளோடு பேச வேண்டியவர்கள் கிட்ட வந்து நின்று பேசினார்கள்.

பச்சைமுத்து செஞ்சியில் நெல் மண்டிக்கு மூட்டை தூக்கப் போய்க்கொண்டிருந்தார். காலை முதல் பஸ்ஸில் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். 2004ஆம் வருடம் சித்திரை மாதத்தில் ஒருநாள், வழக்கமாகச் சோறு கொண்டுபோகிற அவர் மனைவி சின்னப்பொண்ணுவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பன்னிரண்டு வயது வெண்மதியிடம் தூக்குவாளியைக் கொடுத்து அனுப்பினாள். அவள் மண்டி ரோட்டில் இறங்கும்போது மணி ஒன்றேகால். ராஜகிரி மலையே காய்ச்சிய இரும்பு போல நின்ற வெயில். எதிர்ச் சாரியில் லோடுக்காக வரிசையில் நின்ற லாரிகளில் ஒன்றின் அடியில், நிழலுக்காக, துண்டை விரித்து அவளுடைய நைனா தூங்கிக்கொண்டிருந்தார். அவள் பார்த்த அதே நேரத்தில் டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார். ரோட்டின் அகலம் முப்பத்திரண்டு அடி. அப்போது திருவண்ணாமலை பஸ் ஒன்று நடுவே வந்து வழியை மறித்து நின்றது. வெண்மதி கத்தினாள். கையிலிருந்து தூக்குவாளி நழுவி விழுந்த சத்தத்துக்கு நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கத்தியதற்கு ஒருவரும் திரும்பவில்லை.

அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் தெரியாது. சின்னப்பொண்ணு மகளை எதுவும் கேட்கவில்லை. மகளும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள், ஒரே பாயில் படுத்தார்கள், ரேஷன் கடைக்குச் சேர்ந்து போனார்கள். அந்த ஒரு மத்தியானத்தை மட்டும் தொடாமல் இருபது வருடம் பேசினார்கள். வெண்மதி பி.காம். முடித்தாள். செஞ்சியில் ஒரு இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை கிடைத்தது. சாதிச் சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் வருகிறவர்கள் மேசைக்கு எதிரே ஒட்டித்தான் உட்கார வேண்டும் என்பதால் அங்கே அவள் குரலால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இளவழகன் அவளை 2016ஆம் வருடம் ஆடி அமாவாசையன்று மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் கேட்டான். பார்த்தான் என்று எழுதினால் தப்பு. மூச்சுவிட இடமில்லாத அந்த நெரிசலில் அவன் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது; பின்னால் யாரோ தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் அதைக் காது கொடுத்துக் கேட்டவன் அவன் ஒருவன்தான். வளத்தி ஸ்டாப் வருவதற்குள், இந்தக் குரலுக்குத்தான் தான் இத்தனை நாள் கிடார் வாசித்துக்கொண்டிருந்தோம் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அவன் தனியார் பள்ளியொன்றில் கம்ப்யூட்டர் வாத்தியார். சனி, ஞாயிறுகளில் ரிசப்ஷனுக்கும் இயக்கத்துக் கூட்டங்களுக்கும் கிடாரோடு போவான். இரண்டு வருடம் கழித்துக் கல்யாணம் ஆனது. வீட்டில் அவன் வாசிக்க, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து அவள் பாடுவாள். கேட்க ஒரே ஆள் இருந்தான். அது அவளுக்குப் போதும் என்று அவன் நினைக்கவில்லை. போதாது என்று அவள் சொல்லவும் இல்லை.

போன வருடம் ஆம்ப்ளிபயர் வாங்குவது என்று முடிவாயிற்று. கிடாருக்கு ஒரு ஒயர், மைக்குக்கு ஒரு ஒயர், இரண்டையும் ஒரே பெட்டியில் சொருக முடிய வேண்டும். கிடாரின் மரச் சத்தம் தகரமாக மாறக் கூடாது. மைக்கைக் கிட்டே கொண்டுபோனால் ஊளையிடக் கூடாது. ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் அடங்க வேண்டும். இப்படி இளவழகன் தன் தேவைகளைச் சொல்லிக்கொண்டு போனான். வெண்மதி கைப்பையில் ஒரு இஞ்சு டேப் எடுத்துக்கொண்டாள். முதலில் கீபோர்டுக்கு வைக்கிற பெட்டி ஒன்றைப் பார்த்தார்கள். கிடார் தெருமுனை வரை கேட்டது. வெண்மதியின் குரல் பெட்டியிலிருந்து நாலடியில் நின்றது. கல்யாண மண்டபங்களில் ஆளுயரத்துக்கு நிறுத்துகிற ஸ்பீக்கர்களில் ஒன்பதடி. புதுச்சேரியில் ஒரு பெரிய கடையில், சார்ஜ் ஏற்றிக்கொள்கிற பாட்டரி வைத்த புது மாடல் ஒன்று இருந்தது. தூக்கினால் ஏழு கிலோ, ஊளை இல்லை, கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் பாடும். அதில் இருபத்திரண்டு அடி போயிற்று. கடைக்காரர் டேப்பைப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் இப்படித்தானா என்று கேட்டார். இல்லை, இவளுக்கு மட்டும் என்று இளவழகன் சொன்னான். இருபத்திரண்டு அடி என்றால் முதல் இரண்டு மூன்று வரிசை. அவன் அதை வாங்கிவிடத் தயாராக இருந்தான்.

செஞ்சியில் பீமாராவ் சவுண்ட் சர்வீஸில் ஒரு பழைய பெட்டி கிடப்பதாகச் சொல்லி, அதையும் பார்த்துவிடலாம் என்று வெண்மதிதான் கூட்டிப்போனாள். ரிப்பேருக்கு வந்து, கொடுத்தவர் திரும்ப வராத பெட்டி. பழுப்புத் துணி போர்த்திய முகம், அறுபது வாட், இரண்டு சொருகு துளை. பீமாராவ் புதுக் கண்டன்சர் போட்டு வைத்திருந்தார். ஆவணி மாதத்து வியாழக்கிழமை, மணி மூன்றரை இருக்கும். கடைக்குப் பின்னால், பந்தல் சாமான்கள் கிடந்த மைதானத்தில் பெட்டியை வைத்து, கிடாரைச் சொருகி, இளவழகன் ஒரு முறை மீட்டினான். மரச் சத்தம் மரமாகவே வந்தது. வெண்மதி மைக்கைப் பிடித்துப் பாட வாயைத் திறந்தாள். அவள் ஒரு எழுத்தும் பாடுவதற்கு முன்னால் பெட்டியிலிருந்து பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி கத்தினாள்.

“நைனா! நைனா, வண்டி எடுக்கறாங்க! வெளிய வா நைனா! ஐயோ, யாருனா நிறுத்துங்களேன்!”

அது மண்டி ரோட்டில் போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்து மறுவாசல் வழியாக வெளியே வந்தது. கோட்டைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. அந்த நேரத்தில் செஞ்சிக்குள் ஓடிக்கொண்டிருந்த வண்டிகள் எல்லாம் நின்றன. டவுன் பஸ், தண்ணீர் லாரி, ஒரு பள்ளி வேன் எதுவும் பாக்கியில்லை. டிரைவர்கள் இறங்கிக் குனிந்து சக்கரத்துக்கு அடியில் பார்த்தார்கள். எதிலும் ஒருவரும் இல்லை. பிறகு அது வயல்களைத் தாண்டித் தொண்டூர் ஏரிக்கரைக்குப் போயிற்று. அங்கே நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டிருந்த சின்னப்பொண்ணு பாண்டுச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு, “தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்” என்று ரோட்டைப் பார்த்து ஓடினாள். இருபது வருடம் பிந்திவிட்டது என்பது பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆனாலும் இறங்கவில்லை.

அவள் வந்து சேர்ந்தபோது வெண்மதி பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பீமாராவ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். சின்னப்பொண்ணு மகளுக்கு எதிரே, இரண்டரை அடிக்குள், மண்ணிலேயே உட்கார்ந்தாள்.

“அன்னிக்கிக் கத்தினியா நீ?”

“கத்தினேம்மா.”

“இத்தினி வருசம் ஏண்டி சொல்லல?”

“நீ கேக்கலியே.”

சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கேட்டா, கத்தலன்னு சொல்லிட்டினா நான் இன்னா பண்றது? காய்ச்சல்னு படுத்துக்கினு புள்ளைய அனுப்பிச்சவ நானு. அதான் கேக்கல” என்றாள். பிறகு, “உங்க நைனாவுக்குக் கேட்டிருக்குமா?” என்றாள்.

வெண்மதி இல்லையென்று தலையாட்டினாள். இருட்டுகிற வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் காலையில் வெண்மதி மறுபடி பெட்டியைப் பார்க்க வந்திருந்தபோது, விநாயகம் என்கிற அறுபது வயது ஆள் பீமாராவ் கடை வாசலில் வந்து நின்றார். அன்றைக்கு அந்த லாரியை ஓட்டியவர் அவர். “எனக்கு நேத்துதாம்மா கேட்டுச்சி” என்று வெண்மதியிடம் சொன்னார். பெட்டியைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை என்று கேள்வி.

அந்தப் பெட்டியில் கோளாறு இல்லை. பீமாராவ் மைக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், உள்ளே கழற்றித் திரும்பப் பற்றவைத்தார். வேறு யார் பாடினாலும் பாட்டு வந்தது. வெண்மதி வாயைத் திறந்தால் முதலில் கத்தல் வந்தது. அது முடிந்த பிறகு அவள் பாட்டு வந்தது. அந்தப் பாட்டு எத்தனை அடி போயிற்று என்று அளக்க டேப் போதவில்லை. சாமந்திப்பூ ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் கோட்டையடிச் சக்கரக்குளத்துப் பக்கத்திலிருந்து கை தட்டினார்கள். வெண்மதி தன் வயதில் முதல் தடவையாகத் தூரத்துக் கைத்தட்டலைக் கேட்டாள். சந்தோஷப்பட்டாளா என்று சொல்ல முடியாது. யாரோ தன்னைக் கூப்பிட்ட மாதிரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எதை வாங்குவது என்பதில் புருஷன் பெண்டாட்டிக்குள் மூன்று வாரம் இழுபறி. இளவழகன் கெட்டவன் இல்லை. ரிசப்ஷன் மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்கும்போது, முதல் சத்தமாக இது வந்தால் எந்த வீட்டில் பொறுப்பார்கள் என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு நாள், சோறு பிசைந்த கை காயும் வரை பேசினான்.

“பாண்டிச்சேரி பொட்டியே எடுத்துக்கலாம் வெண்மதி. அதுல அந்தச் சத்தம் இல்ல. தெனம் நீ அத கேக்கணுமா? என்னால கேக்க முடியல.”

“அதுல என் கொரலு இருபத்திரண்டு அடிதான் போவுது” என்றாள் அவள். “ரோடு முப்பத்திரண்டு அடி இருக்குதுங்க.”

அவன் எழுந்து கை கழுவினான். அடுத்த நாள் பீமாராவ் கடையிலிருந்து பழுப்புப் பெட்டியை ஸ்கூட்டியில் வைத்து அவனே கொண்டுவந்தான்.

பெட்டியின் குணம் புரியச் சில நாள் பிடித்தது. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் அது கத்தியது. அந்த ஒரு கத்தலைக் கத்த விட்டுவிட்டால் மறுநாள் வரை சுத்தமாகப் பாடியது. எனவே நிகழ்ச்சி உள்ள நாட்களில் சாயங்காலம் நாலு மணிக்கு வெண்மதியும் இளவழகனும் மண்டி ரோட்டுக்குப் போனார்கள். தைலம்மாள் டீக்கடையில் பிளக் சொருக இடம் கொடுத்தார்கள். பெட்டியை லாரி வரிசையைப் பார்த்து வைத்து, வெண்மதி மைக்கில் வாயைத் திறப்பாள். கத்தல் போய் முடியும். ஒயரைச் சுருட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போவார்கள். அங்கே அவள் கடைசி வரிசைக்கும், அதற்கு அப்பால் கைகழுவுகிற இடத்துக்கும் கேட்கிற மாதிரி பாடினாள். அவள் பாடினால் பந்தியில் பேச்சுக் குறைகிறது, சாப்பாடும் கொஞ்சம் மிஞ்சுகிறது என்று சமையல்காரர்கள் சொன்னார்கள். ஆனாலும் கூப்பிட்டார்கள். சின்னப்பொண்ணு சில நாள் தொண்டூரிலிருந்து அந்தக் கத்தலைக் கேட்கவென்றே பஸ் ஏறி வந்து, ரோட்டின் அந்தப் பக்கம், லாரிகள் நிற்கிற பக்கம், போய் நிற்பாள். கேட்டு முடிந்ததும் மகளிடம் சொல்லிக்கொள்ளாமலே திரும்பிவிடுவாள்.

இந்த வருடம் தை மாதத்தில் நெல்லூர்ப் பக்கத்திலிருந்து லோடுக்கு வந்த ஒரு டிரைவர், சாயங்காலம் டீ குடித்துவிட்டுக் கிளம்ப இருந்தபோது அந்தச் சத்தம் எழுந்தது. அவர் கிளாஸைப் பெஞ்சின் மேல் போட்டுவிட்டு எழுந்தார். மற்ற டிரைவர்கள் பேச்சை நிறுத்தி, அவரவர் வண்டியடியில் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, ஒவ்வொருவராக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் தெலுங்கு கலந்த தமிழில், யார் அந்தக் குழந்தை, என்ன ஆச்சு என்று தைலம்மாளைக் கேட்டார்.

“கொழந்த இல்லப்பா, நம்ம வெண்மதி. இன்னிக்கி எங்கியோ ரிசப்ஷன் போல” என்றாள் தைலம்மாள், அடுத்த ஆளுக்கு டீ ஆற்றிக்கொண்டே. “ஒருதரம் கீழ பாத்துட்டு எடு.”

அவர் குனிந்து பார்த்தார். டயர் நிழலும் சிந்திக் கிடந்த கொஞ்சம் நெல்லும் இருந்தன. அவர் வண்டியை எடுத்தார்.