தள்ளிவிடச் சொன்ன திருடன்

சனிக்கிழமை மாலை மார்க்கெட் ஸ்திரீட்டில் கூட்டம் நெரிந்தது. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுத்துவிட்டு ஆர்தர் இரண்டு கைகளிலும் பைகளோடு, அடுத்த தெருவில் நிறுத்தியிருந்த காரை நோக்கி நடந்தார். அவருடைய மனைவி டோரதி, ரவிக்கைத் துணிக்கு விலை பேசியதில் பின்தங்கிவிட்டார்.

டோரதி பள்ளி ஆசிரியை. உடன் வேலை செய்யும் சலேஹாவின் கார் பள்ளி வாசலிலேயே களவு போன மறுவாரம், தம் காருக்கு இம்மொபிலைசர் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சாவிக்கொத்தில் ஒரு சின்ன வில்லை இருக்கும். காருக்குள் மறைத்து வைத்த பெட்டி அதை அடையாளம் கண்டால்தான் எஞ்சின் உயிர் பெறும். சாவித்துளையை உடைத்துத் திருப்பினாலும் பயனில்லை.

"பத்து வருஷத்துக் கெரேத்தா. இத எவன் லா தூக்கப் போறான்?" என்று தம் பழைய காரைக் காட்டி ஆர்தர் சிரித்தார். துறைமுக அலுவலக நண்பர்களிடமும் சொல்லிச் சிரித்தார். டோரதி காரைப் பட்டறைக்குக் கொண்டுபோய் அந்தக் கருவியைப் பொருத்திவிட்டே வந்தார்.

சந்து முனையில் ஒரு காரை நாலைந்து பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நாணயமாற்றுக் கடை இப்ராஹிமும் அதில் இருந்தார். ஓட்டுநர் இருக்கையில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓர் இளைஞன்.

"அண்ணே, ஸ்டார்ட் ஆவல லா. கொஞ்சம் கை குடுங்க" என்று ஆர்தரைக் கூப்பிட்டான்.

இரக்கப்பட்ட ஆர்தர் பைகளை ஓரமாக வைத்துவிட்டு, காரின் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார். கார் இருமியது, உறுமவில்லை. இன்னொரு தடவை தள்ளக் குனிந்தபோதுதான் நம்பர் பிளேட் கண்ணில் பட்டது. அது அவருடைய கார்.

அவர் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார். அதற்குள் டோரதி வந்து சேர்ந்தார். சாவித்துளையில் செருகியிருந்த ஸ்குரூடிரைவரைப் பார்த்ததுமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்து ஜன்னலருகே நீட்டினார்.

"தம்பி, எவ்வளவு தள்ளுனாலும் அது ஓடாது. இந்தச் சாவியப் போட்டுப் பாருங்க."

இளைஞனின் முகம் வெளுத்தது. கதவைத் திறந்து பாய்ந்தான். வியர்க்க வியர்க்கத் தள்ளியவர்கள் சும்மா விடுவார்களா? இப்ராஹிம் சட்டைக் காலரைப் பிடித்தார், மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். போலீஸ்காரர்கள் வந்து அவனை அழைத்துப் போனபோது தெருவே கைதட்டியது.

உடைந்த சாவித்துளையைச் சரிசெய்த பிறகு, டோரதியின் சாவிக்கு எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. அடுத்த ஞாயிறு மாதா கோயிலில் பூசை முடிந்ததும் நண்பர்கள் ஆர்தரைச் சூழ்ந்துகொண்டு அந்தக் கருவியைப் பற்றி விசாரித்தார்கள். அவர் வெட்கத்தை விட்டு, திருடனுக்குத் தாமே கை கொடுத்த கதையையும் சேர்த்துச் சொன்னார். பிறகு மனைவியைப் பார்த்தபடி சொன்னார்:

"என் காரை எவன் தொடுவான்னு மெத்தனமா இருந்தேன் பாருங்க, அதுதான் நான் திருடனுக்குக் குடுத்த சாவி. டோரதிதான் அதப் புடுங்கி வச்சிருந்தா. முன்னெச்சரிக்கைய வீண் செலவுன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க."