நூற்றுக்கு நான்கு பேர்

நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று எல்லைப் பதிவகத்தில் இருந்தது. அதில் சிலர் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டார்கள். எப்படி எழுதினாலும் ஒரே பெயர்தான் என்று கணினி கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பது பதிவகத்தின் கணினிப் பிரிவில் இருந்த அவளுடைய வேலை.

மூன்று வழிகளை ஒப்பிட்டாள். முதலாவது, ஒரு பெயரை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணியது. இரண்டாவது, பெயர்களை இரண்டிரண்டு எழுத்தாக நறுக்கி, எத்தனை துண்டு பொருந்துகிறது என்று பார்த்தது. மூன்றாவதற்கு ஒலிதான் கணக்கு. லகரம், ளகரம், ழகரம் எல்லாம் அதற்கு ஒன்றே. சோதித்துப் பார்க்க ஆயிரம் ஜோடிப் பெயர்களை, ஒரே ஆளா வேறு ஆளா என்று கையால் பிரித்துக் கொடுத்தவர் பதிவகத்து எழுத்தர் புள்ளியக்கா. மெய்யெழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அந்தப் பெயர்.

மூன்றாவது வழி ஒருவரையும் தப்பவிடவில்லை. சம்பந்தமில்லாதவர்களில் நூற்றுக்கு நான்கு பேரை மட்டும் தவறாகப் பிடித்தது. ‘ஏற்கத்தக்கது’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிடிபட்டவரைச் சரிபார்த்து விடப் பதினான்கு நாள் என்ற விதியும் அவள் எழுதியதுதான்.

துறைமுகத்தில் அந்த மூன்றாவது வழி ஓடத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் காலையில் அண்ணி போன் செய்தாள்.

“உங்க அண்ணனைக் கப்பல்ல ஏறவிடல. ஒரு ரூம்ல உட்கார வச்சுப் பூட்டிட்டாங்களாம். பொண்ணுக்கு அங்கே தலைப்பிரசவம், இவர் போயாகணும். நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே?”

அவள் பட்டியலைத் திறந்தாள். அண்ணன் பெயரின் நடுவில் ழகரம். தடை விதிக்கப்பட்ட யாரோ ஒருவனுக்கு அதே இடத்தில் ளகரம். ஒரு கட்டத்தைத் தட்டினால் அண்ணன் வெளியே வந்துவிடுவார். யார் தட்டினார்கள் என்பதும் பதிவாகும். சொந்தக்காரர் கோப்பைத் தொட்டால் வேலை போவதோடு நிற்காது. விரலை எடுத்துக்கொண்டாள்.

மேலாளர் காது கொடுத்துக் கேட்டார். “உங்க அண்ணன்கிறதாலேயே நீங்க இதுல தலையிடக் கூடாது. பதினாலு நாள் பொறுங்க. விதி உங்களுதுதானே?”

புள்ளியக்காவிடம் போனாள். பன்னிரண்டு நாளில் பிடிபட்டவர்களைப் பிறந்த ஆண்டு, அப்பா பெயரோடு ஒத்துப்பார்க்கச் சொன்னாள். மாலைக்குள் அக்கா வந்துவிட்டார்.

“தொண்ணூத்தொரு பேரு. அதுல நிஜமான ஆளு ரெண்டே ரெண்டு.”

“நூத்துக்கு நாலுதானேக்கா தப்பாகணும்?”

“நான் உனக்குப் பிரிச்சுக் கொடுத்ததுல பாதி ஜோடி நிஜமாவே ஒரே ஆளு. கப்பலேற வர்றவங்கள்ல பாதிப் பேரா திருடன்?”

அப்பாவிகள் ஆயிரக்கணக்கில் வந்து போகும் வாசல் அது. அவர்களில் நூற்றுக்கு நான்கு என்றால் ஒரு கூட்டமே. எண் சரி, அதை வைத்து அவள் சொன்ன தீர்ப்புதான் தவறு.

மறுநாள், தன் அறிக்கை பிழையானது, பிறந்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்காமல் யாரையும் நிறுத்தக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். மேலாளர் இரண்டு முறை படித்தார்.

“அண்ணன் மாட்டினதும் ஞானம் வந்துடுச்சுன்னு சொல்வாங்களே?”

“சொல்லட்டும் சார். அது உண்மைதான்.”

அதை முடிவு செய்யும் குழு அடுத்த மாதம்தான் கூடும் என்றார்கள். அதுவரை அதே முறை ஓடும். அவளைக் கிடங்குப் பிரிவுக்கு மாற்றினார்கள். பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல்லையும் முடக்கினார்கள். பகலெல்லாம் ஜன்னலில்லாத அறையில் அட்டைப்பெட்டிகளுக்கு எண் ஒட்டினாள்.

அண்ணன் பிடிபட்ட பதினான்காம் நாள் அவரைக் கூப்பிட்டுவரத் துறைமுகத்துக்குப் போனாள். தாடியும் கசங்கிய சட்டையுமாக வந்தார். பேத்தி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“அண்ணா, அது நான் செஞ்ச வேலை. நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

அவர் நடப்பதை நிறுத்தவில்லை. பேருந்து நிறுத்தத்தில்தான் நின்றார்.

“என் தங்கச்சி அங்கேதான் வேலை பாக்குறா, சொல்லி உங்களையும் விடுவிச்சுடுவான்னு உள்ளே எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டு வந்திருக்கேன்டி.”

உள்ளே இருந்தவர்கள் எழுதிக் கொடுத்த தாள்களைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கையெழுத்தில் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, அப்பா பெயர். முப்பத்தாறு தாள்கள்.

அண்ணன் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவளுக்கு இடம் போட்டு வைத்தார்; அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்த பேனாவை எடுத்து, மடியில் தாளை வைத்து முதல் ஆளுக்கு மனு எழுத ஆரம்பித்தாள்.