கலெக்டரோடு ஒரு படம்

உலகநாதனின் அக்கா பார்வதம் மதுராந்தகத்திலிருந்து வந்து, கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். பெண் வீட்டார் படம் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் புதுப் படம் வராவிட்டால், அவனுடைய பழைய கல்யாணப் படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டி அனுப்பிவிடுவாள்.

"வேற என்னடா பண்றது? உன் மூஞ்சி இருக்கறது அது ஒண்ணுலதான்."

அவன் மனைவி சியாமளாவின் முகம் இருப்பதும் அது ஒன்றில்தான். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். படம் அக்கா வீட்டுப் பெட்டியில் இருந்தது.

ஸ்டூடியோ நாற்காலியில் இன்னொரு தரம் உட்கார அவனுக்கு மனம் வரவில்லை. தன்னைத் தானே எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்தான். தனியாக உட்கார்ந்தால் முகம் கல்லாகிவிடும்; ஆகவே தான் வளர்க்கும் நாயையும் சேர்த்துக்கொண்டான். கன்னங்கரேலென்ற நாய். யார் கூப்பிட்டாலும் எழுந்து வராது என்பதால் மீனவன் எல்லப்பன் அதற்குக் கலெக்டர் என்று பெயர் வைத்திருந்தான்.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் உலகநாதன் மின்சாரப் பிரிவு என்ஜினீயர். குவார்ட்டர்ஸ் அறையில் எடுத்துப் பார்த்த முதல் சுருள் பாழ். காமிராவின் தலையிலிருந்தே ஃபிளாஷ் அடித்ததில் நாய் கரித்துண்டாகவும் அதன் கண்கள் இரண்டும் தணலாகவும் விழுந்திருந்தன. வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால்தான் கறுப்பு ரோமத்துக்கு உருவம் கிடைக்கும். ஃபிளாஷின் கம்பியோடு நீளமான ஒயரைப் பற்றவைத்தான். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, எல்லப்பனின் குப்பத்துக் கரைக்குப் போனான்.

வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சமிருந்தது. துடுப்பு ஒன்றை மணலில் நட்டு, ஆளுயரத்தில் ஃபிளாஷைக் கட்டினான். முதலில் சோதனை. பளீர். கோணம் சரியில்லை. திருப்பிக் கட்டினான். பளீர். ஒயர் வேலை செய்கிறது! இப்படி ஒன்றுக்காக அவன் ஓடியாடி எத்தனை நாளாயிற்று.

காமிராவின் தானியங்கி விசையைத் தள்ளிவிட்டு ஓடினான். விசை கிர்ரென்று சுற்றிக்கொண்டிருக்கும்போதே நாயை அணைத்து உட்கார்ந்தான். பளீர். கலெக்டர் திரும்பி வாலைக் காட்டியிருந்தது. மறுபடி. பளீர். இந்த முறை அது கொட்டாவி விட்டது. மறுபடி, மறுபடி. சட்டையெல்லாம் மணல், மூச்சு வாங்கியது. கடைசியில் சுருளில் ஒரே ஒரு படம் பாக்கி. நீலமும் கரைந்துகொண்டிருந்தது.

ஃபிளாஷ் மின்சாரம் ஏறி மெல்ல விசிலடித்தது. சின்ன விளக்கு எரிந்ததும் விசையைத் தள்ளப் போனான். அப்போதுதான் கடலிலிருந்து சத்தம் வந்தது. கட்டுமரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலையில் ஏறிக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தன. முதல் கட்டுமரத்திலிருந்து எல்லப்பன் குதித்து ஓடிவந்தான்.

"இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

"ஒண்ணும் ஆகலியே. ஏன்?"

"ஒண்ணும் ஆவலியா? கரைல வெளிச்சம் வுட்டு வுட்டு அடிச்சா, காத்து மாறுது, வலைய சுருட்டினு வாங்கடான்னு அர்த்தம். நீ பாட்டுக்கு அடிச்சிகினே கீற. ஊரே திரும்பி வந்துகினு கீது, பாரு."

உலகநாதனுக்குக் காது சுட்டது. "தெரியாமப் பண்ணிட்டேன், எல்லப்பா. ஃபோட்டோ எடுத்தேன்."

"யார?"

"என்னத்தான். பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்."

எல்லப்பன் துடுப்பைப் பார்த்தான், ஒயரைப் பார்த்தான், நாயைப் பார்த்தான். பின்னால் கட்டுமரங்களை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் திரும்பிக் கத்தினான். "காத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாரு மாப்ள ஆவறாராம், அதுக்குத்தான் நம்மள கூப்டுகீறாரு."

அங்கே சிரிப்பும் வசவும் சேர்ந்து எழுந்தன. கட்டுமரங்கள் திரும்பவும் தண்ணீருக்குப் போகத் தொடங்கின.

"ஒண்ணுதான் பாக்கி," என்றான் உலகநாதன். "எடுத்துக்கட்டுமா?"

"எட்து தொல, சாமி."

விசையைத் தள்ளிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தான். கலெக்டரைத் தோளோடு இறுக்கினான். எல்லப்பனின் ஈர வேட்டியில் மீன் வாடை அடித்ததில் நாய் நிமிர்ந்து, காதை விறைத்து, காமிராவின் பக்கம் நின்ற அவனையே பார்த்தது. விசை சுற்றியது.

"சாரே, ஒரு டவுட்டு," என்றான் எல்லப்பன். "பொண்ணு நாயத்தான் புட்ச்சிகீதுன்னு சொல்லிச்சின்னா இன்னா பண்ணுவ?"

உலகநாதன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். பளீர்.

கடைசி பஸ்ஸைப் பிடித்துச் செங்கல்பட்டு போனான். ஸ்டூடியோ பக்தவச்சலம் கதவைச் சாத்தப் போனவர், அவன் நின்ற நிலையைப் பார்த்து மறுபடி திறந்தார். கழுவிய ஃபிலிமை விளக்குக்கு எதிரே பிடித்தார். வால், கொட்டாவி, பாதித் தலை. நுனியில் கடைசிப் படம். நாயின் ரோமம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பக்கத்தில், பல் தெரியச் சிரிக்கிற ஒருவன். அது தான்தானா என்று உலகநாதன் குனிந்து குனிந்து பார்த்தான்.

"நல்லா வந்துகீது சார். நாய வுட்டுட்டு உங்கள மட்டும் போட்றவா?"

"வேணாம். யாரையும் வெட்டாதீங்க. முழுசாவே போடுங்க. இப்பவே வேணும்."

"ராத்திரிலயா?"

"காலைல மதுராந்தகம் போகணும். அக்காகிட்ட இதைக் குடுத்துட்டு, அங்க பெட்டியில இருக்கற ஒரு படத்தை வாங்கிட்டு வரணும்."

பக்தவச்சலம் இருட்டறைக்குள் போனார். உலகநாதனும் பின்னாலேயே போனான்.