பாலை மரத்தில் கட்டிய பெட்டி

பெட்டி கட்டிய மூன்றாம் நாளின் பதினொரு மணி ஒலிக்கோப்பில்தான் அந்தக் குரல் முதலில் வந்தது. விடுதி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்தக் குருவி எத்தனை தரம் கூவியது என்று கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். செண்பகம், கொண்டைக்குருவி, தூரத்தில் ஒரு மயில். திடீரென்று எல்லாம் அடங்கியது. சருகு மிதிபட்டது. பிறகு என் காதுக்குள் வாயை வைத்துச் சொன்னது போல ஒரு பெண்குரல்: "கேக்குதோ?"

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்த ஜெயரூபினி, "என்னடி, பேயைக் கண்டனியே?" என்று சிரித்தாள். முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள், இலேசில் பயப்படமாட்டாள். ஒரு காதை அவளுக்குக் கொடுத்தேன். குரல் நிதானமாக, கடதாசியைப் பார்த்து வாசிப்பது போலப் போனது. "பேர் ரஜிதன். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி மாசம் பிறந்தவன். இடக்கைப் பெருவிரல்ல வெட்டின தழும்பு இருக்கு. கடைசியாக் கண்டது பாலத்தடியில. போட்டிருந்த சேட்டு நீலம்." பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்தில் யாரோ எதையோ கேட்டிருக்க வேண்டும் போல, "ஓம், நீலம்தான்" என்றது. ஜெயரூபினி சிலுவை போட்டுக்கொண்டாள்.

நான் அனோஜா. வவுனியாவில் சுற்றுச்சூழல் விஞ்ஞானம், கடைசி வருடம். முரசுமோட்டையில் எங்கள் வயலுக்கு உரம் எறிய வருகிறவர்கள்கூட "உது படிச்சா என்ன வேலை பிள்ளை?" என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. இந்த முறை பதில் இருந்தது. ஒரு சுற்றாடல் ஆய்வுக் கொம்பனியில் திங்கட்கிழமை நேர்முகம். ஆய்வறிக்கையும், அதை மேற்பார்க்கும் சேரின் சிபாரிசுக் கடிதமும் இருந்தால் வேலை ஏறக்குறைய என் கையில். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டு ஓரத்துப் பாலை மரம் ஒன்றில் ஒலி பிடிக்கும் பெட்டியைக் கட்டி, நாலு கிழமை குருவிகளைக் கணக்கெடுப்பதுதான் ஆய்வு.

பெட்டி ஒவ்வொரு மணித்தியாலத்திலும் முதல் பத்து நிமிடம்தான் விழித்திருக்கும். அது சேருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விசயம். ஆனால் அந்தக் குரல் ஒருநாளாவது பாதியில் அறுபட்டதில்லை. பதினொரு மணிக்குப் பெட்டி விழித்ததும் தொடங்கும், உறங்குமுன் முடித்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் பெட்டியின் மெமரி காட் மாற்றப் போனபோது அங்கே மனித வாடையே இல்லை. இரண்டாம் வெள்ளி ஒன்றை மட்டும் கண்டேன்: மரத்தடியைச் சுற்றிச் சருகெல்லாம் கூட்டப்பட்டு, மண்ணில் விளக்குமாற்றுக் கோடுகள் அப்படியே கிடந்தன. யானை நடமாடும் காட்டுக்குள் யார் வந்து கூட்டுவது? மெமரி காட்டை மாற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக றோட்டுக்கு வந்து சேர்ந்தேன். திரும்பிப் பார்க்கவேயில்லை.

மூன்றாம் கிழமையின் கடைசிக் கோப்பில் குரல் வழமையான விபரத்தைச் சொல்லி முடித்து, கொஞ்சம் பொறுத்து, "பிள்ளை, வாற வெள்ளியோட கழட்டிப்போடுவியளோ?" என்று கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

சேரிடம் போனேன். அவர் முழுவதையும் கேட்கவில்லை, அரை நிமிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். "மனிசக் குரல் விழுந்தா அழிக்கவேணும் எண்டு அனுமதிக் கடிதத்திலயே கிடக்கு அனோஜா. அழிச்சுப்போட்டு, வெள்ளி பின்னேரத்துக்குள்ள பெட்டியையும் கொண்டுவந்து தாரும். வேலைக்குக் கடிதம் எழுதி வைக்கிறன்." நல்ல மனிதர், பிழை சொல்லமாட்டேன். பத்தொன்பது கோப்புகளையும் ஒன்றாகத் தெரிவுசெய்து வைத்துவிட்டு மணிக்கணக்காக இருந்தேன். அழி என்பதை அழுத்த விரல் போகவில்லை. கழுதை, உனக்கு வேலை வேண்டாமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மரத்தடிக்குப் போனபோது பத்தரை தாண்டிவிட்டது. அவ அங்கே நின்றா. மெலிந்த மனுசி, ஐம்பத்தைந்து இருக்கும், கையில் விளக்குமாறு. பேயில்லை என்று கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான் ஒண்டையும் தொடேல்லை பிள்ளை," என்றா. "பெட்டியில பச்சை லைற் பத்தினாத்தான் கதைப்பன். கழட்டிற நாளும் அதில ஒட்டின கடதாசியில பாத்தனான். உங்களைக் கண்டா மறைஞ்சிடுவன். பதியிற ஆக்களைக் குழப்பக்கூடாதெல்லே."

பத்மாசனி என்று பெயர் சொன்னா. யுத்தத்தில் காணாமல் போனவர்களை விசாரிக்க வந்த எல்லாரிடமும் மகன் ரஜிதனுக்காகப் போயிருக்கிறா. "எல்லாரும் மைக்கை வச்சுத்தான் கேட்டவை. பாதியில, 'சரி அம்மா, காணும், நிப்பாட்டுங்கோ' எண்டிடுவினம். உங்கட பெட்டி ஒருநாளும் காணும் எண்டு சொல்லேல்லை. அதுதான் நம்பினனான். எப்ப பதில் வரும்?"

பொய் சொல்லியிருக்கலாம். "அம்மா, இது குருவிச் சத்தம் பிடிக்கிற பெட்டி," என்றேன். "எந்தக் குருவி இருக்கு, எது இல்லாமப் போச்சுது எண்டு எழுதிறதுக்கு."

அவ கோபிக்கவில்லை. மரத்தை அண்ணாந்து பார்த்தா. "குருவியளையும் தேடுகினமோ?" என்றா. "அப்ப, தேடுற ஆக்கள்தானே நீங்கள்."

நான் பெட்டியின் பட்டியில் கை வைத்தேன். பதினொன்றேகாலுக்கு வவுனியா பஸ். அதை விட்டால் சேரைப் பிடிக்க முடியாது, சேரை விட்டால் கடிதம் இல்லை. கொக்கியைப் பாதி கழற்றியபோது பற்றைக்குள் சருகு நொறுங்கியது. யானையோ என்று மரத்தோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு பெண் வெளியே வந்தா. அவவுக்குப் பின்னால் இன்னொருவர். பிறகு இன்னும் நாலு பேர். ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. கூட்டிய மண்ணில், யாரும் சொல்லாமலே, ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நின்றார்கள். எல்லார் கையிலும் பிளாஸ்ரிக் கோப்பு.

"இண்டைக்குத்தான் கடைசி எண்டு சொன்னனான்," என்றா பத்மாசனி, மன்னிப்புக் கேட்பது போல. "இவையள் வலு தூரத்தில இருந்து வந்தவை."

பச்சை லைற் பற்றியது. பட்டியில் இருந்த என் கையை எடுக்க வேண்டும் என்று நினைக்குமுன் அது தானாகவே கீழே வந்துவிட்டிருந்தது. முதலில் நின்ற பெண் பெட்டிக்கு முன்னால் வந்து வாயைத் திறந்தா. சத்தம் வரவில்லை. பிறகு கோப்புக்குள் இருந்து ஒரு படத்தை எடுத்து, சீலைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் பெட்டிக்கு நேரே உயர்த்திப் பிடித்தா. படத்தில் பள்ளிக்கூடச் சட்டை போட்ட ஒரு பெட்டைப்பிள்ளை. இந்தப் பெட்டிக்குக் கண் இல்லை என்று சொல்ல நான் வாயெடுக்கவில்லை. என் மூச்சுச் சத்தம் அதில் விழுந்துவிடக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசையில் நின்றவர்கள் தங்கள் படங்களைத் துடைக்கத் தொடங்கினார்கள்.