சீட்டில் வராத வலை

ஆய்வுக்கூடத்தில் கொசு வளர்ப்பதுதான் அவன் வேலை. தெருவே அவனைக் கொசுக்காரன் என்றுதான் கூப்பிட்டது. சர்க்கரைத் தண்ணீர், அளவான சூடு, ஈரத்துணி என்று அவற்றுக்கு மாப்பிள்ளை உபசாரம். வளர்ந்ததும் பிடித்து, மருந்தேற்றிய கொசுவலைத் துண்டின்மேல் மூன்று நிமிடம் விட்டு, எத்தனை செத்தன என்று எண்ணுவான்.

அந்த வருடம் இரண்டு வகை வலைகள் வந்தன. ஒன்றில் பழைய மருந்து, மற்றதில் புதியது. அடையாளத்துக்கு ஓரத்தில் நீலத் தையல், சிவப்புத் தையல். எது புதியது என்பது மேலிடத்துக்கு மட்டுமே தெரியும். மலேரியா விடாமல் பிடித்தாட்டும் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு சீட்டுக் குலுக்கிக் கொடுத்து, யாருக்குக் காய்ச்சல் வருகிறது என்று இரண்டு வருடம் பார்க்க வேண்டும். கட்டிக் கொடுக்கும் வேலையும் இவன் தலையில் விழுந்தது.

அக்கா அங்கேதான் இருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து இப்போதுதான் ஐந்து மாதம். சீட்டில் அவளுக்குச் சிவப்பு விழுந்தது, பக்கத்து வீட்டுத் தையல்காரிக்கு நீலம்.

இவனுக்கு மனசு கேட்கவில்லை. நீலத்தில் விட்ட கொசுக்கள் மூன்றே நிமிடத்தில் மல்லாந்ததைக் கண்ணால் பார்த்தவன். சிவப்பில் விட்டவையோ மறுநாளும் தள்ளாடிப் பறந்தன. இதற்குமேல் யார் வந்து சொல்ல வேண்டும்? பதிவேட்டில் கைவைக்காமல் வலைகளை மட்டும் மாற்றிக் கட்டினான். உனக்கென்று நல்லதாகப் பார்த்து எடுத்தேன் என்று அக்காவிடம் பெருமையும் அடித்துக்கொண்டான், பாவி.

ஏழாம் மாதம் அக்காவுக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை தங்கவில்லை. பதிவேட்டில் அது சிவப்பு வலையின் பேரில் ஏறியது. இவன் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் முடிந்து மேலிடம் உறையைப் பிரித்தது. நீலம்தான் பழையது. அன்றுதான் ஆய்வுக்கூட அதிகாரியம்மாவிடம் உடைத்துச் சொன்னான். அவர் திட்டக்கூட இல்லை.

"நீ வளர்க்கிற கொசு மருந்தையே பார்த்ததில்ல, எதுக்கும் சுருண்டு விழும். வெளியில இருக்கிறது பழைய மருந்துக்கு எப்பவோ பழகிடுச்சு. புது மருந்து மெதுவாத்தான் கொல்லும், ஆனா பழகின கொசுவையும் கொல்லும். அதைத் தெரிஞ்சுக்கத்தானே இந்தச் சோதனையே?"

பிறகு இரண்டு வீடுகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். பேனாவால் ஒரே கோடு. பிறக்காத பிள்ளை எந்த வலையின் பேரிலும் இல்லாமல் போனது.

எல்லா வீட்டுக்கும் இனிச் சிவப்புதான் என்று முடிவானது. அக்கா வீட்டுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனான். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தையைக் கூட்டிக்கொண்டேதான் போனான். தையல்காரியின் பிள்ளைகள் இரண்டும் வாசலில் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

கட்டிலேறி நீல வலையின் முடிச்சில் கைவைத்தபோது அக்கா வந்து தடுத்தாள்.

"அதை அவிழ்க்காதடா. மத்தவங்களுக்கெல்லாம் சீட்டுல வந்தது. இது நீ எனக்குன்னு பார்த்துக் கட்டினது. அது மட்டும் இல்லேன்னா அன்னைக்கு நானும் போயிருப்பேன்."