வயிறு உப்பிய மீன்கள்

மீன் நோய் ஆய்வகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அவனுடைய அக்கா புருஷன் மீன் வளர்ப்பவர். ஒரே ஒரு தொட்டி, ஆகாயமளவு ஆசை.

போன வாரம் அக்கா கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தாள். புதிதாக வாங்கி வாளியில் விட்டிருந்த நாலு தாய் மீன்கள், வயிறு பானை மாதிரி. 'சினை பிடிச்சிருச்சு போல, பாத்துச் சொல்லுடா.'

ஊர் மீனையெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்கிறவன், சொந்த அக்கா மீனை அரைக்கண்ணால் பார்த்தான். சாப்பாட்டு நேரம், பாவம். 'அப்ப நான் தாய்மாமன்!' என்று பதில் போட்டுவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினான். அந்த ஒரு வரியை நம்பி அத்தான், உப்பின மீன்களைப் பொறுக்கி, முட்டையிடட்டும் என்று, பொத்திப் பொத்தி வளர்த்த ஆண் மீன்களோடு தொட்டியில் விட்டுவிட்டார்.

இன்று இரண்டு செத்து மிதந்தன. பூதக்கண்ணாடி நுண்ணோக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

உயிரோடிருந்த ஒன்றின் செவுளைத் தூக்கினான். வெளுத்துக் கிடந்தது. வாலடியில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தான். ரத்தம் என்பது மரியாதைக்கு. பார்வைக்குக் கழுவின தண்ணீர். கண்ணாடித் தகட்டில் விட்டுக் குனிந்தான். சிவப்பணுக்களை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்வரிசைக்குப் போகிற கூட்டம் போல ஒட்டுண்ணிகள் நெளிந்துகொண்டிருந்தன.

"தள்ளு மச்சான், நானும் பாக்குறேன்." அத்தான் ஒரு கண்ணை இறுக்கி மூடிக் குனிந்தார். "அடேங்கப்பா, என்னா துறுதுறுப்பு! ஏம்மா, இங்க வா, ரத்தத்துலயே உசுரு துள்ளுது பாரு!"

பூதக்கண்ணாடி அத்தானின் தோளைத் தொட்டான்.

"அத்தான்... துள்ளுறது மீனோட உசுரு இல்ல. அதைத் திங்கிற பூச்சி."

"அப்ப வயித்துல?"

"தண்ணி."

"மருந்து?"

"கிடையாது. அட்டை கடிச்சு ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்குத் தொத்தும். தொட்டி பூரா அட்டை."

"ஆம்பள மீனுங்க?"

"அதுங்களையும் சேத்துத்தான். எல்லாத்தையும் அழிச்சுரணும்."

அத்தான் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பார்த்தால் பூச்சி மனம் மாறிவிடும் என்பது போல. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அக்காதான் கைவலையை எடுத்துவந்து தம்பி கையில் திணித்தாள்.

"தாய்மாமன் நீதானேடா. முதல்ல நீ அள்ளு."

அள்ளினான். மீன் கனமாக இருந்தது. ஒருமுறை வாலை அடித்தது.