பெட்டியெல்லாம் சேஃப்

அமெரிக்காவில் நியூஜெர்சியின் எடிசன் ஊர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஐரோப்பா போய் வந்தாலும், வந்த சூட்டோடு சூடாக ஒரு சனிக்கிழமை ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற பாட்லக் விருந்து வைத்து, பெரிய டிவியில் போட்டோக்களை ஓட்டிக் காட்டிவிட வேண்டும். பார்க்கிறவர்கள் மடியில் பிரியாணித் தட்டை வைத்துக்கொண்டு வாவ் வாவ் என்று சொல்ல வேண்டும். அங்கே என்ன சீரழிந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. போனவனும் சொல்ல மாட்டான். இரண்டு வருட லீவைச் சேர்த்துவைத்துப் போய்விட்டு வந்தவன் வாயிலிருந்து 'சகிக்கல' என்று ஒரு வார்த்தை வருமா? வராது. அதனால் அடுத்த வருடம் இன்னொரு குடும்பம் பெட்டியைக் கட்டும்.

இந்தக் கூத்தை இந்த வட்டாரத்தில் ஆரம்பித்துவைத்த புண்ணியவான் அச்சுதன். 'யூரோப்னா ட்ரெயின்தாங்க. கார் எடுக்கிறவன் யூரோப்பையே பாக்கல' என்று இரண்டு வருடமாகப் போகிற வீட்டிலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எந்த ஊரில் எந்த வண்டி, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஏரி தெரியும், கடைசிப் பெட்டி எப்போதும் காலியாக இருக்கும் என்பதுவரை ஒரு எக்ஸெல் ஷீட் தயாரித்து வாட்ஸாப் குரூப்பில் போட்டிருந்தார். வான்மதியின் கணவன் மதன் அதை வேதம் மாதிரி எடுத்துக்கொண்டான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் ரயில் என்றால் என்னவென்று தெரிந்தவள் வான்மதி ஒருத்திதான். இன்சூரன்ஸ் கம்பெனி வேலைக்காக எடிசனிலிருந்து நியூயார்க்குக்கு தினமும் ரயிலில் போய் வருகிறவள். எந்த பிளாட்பாரம் கடைசி நிமிடத்தில் மாறும், எந்த அறிவிப்பை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று நின்றே கற்றுக்கொண்டவள். மதனோ வீட்டில் உட்கார்ந்து லேப்டாப் தட்டுகிறவன். கோயம்புத்தூரில் காலேஜ் முடித்ததற்கு அப்புறம் அவன் ரயிலில் ஏறியதே இல்லை. ஆளுக்கு ஒரு சின்னப் பை போதும், படியில் நாம்தான் தூக்க வேண்டும் என்று வான்மதி சொன்னாள். யார் கேட்டார்கள்? ஆளுக்கு இரண்டு செக்-இன் பெட்டி இலவசமாகத் தருகிற ஏர்லைன்ஸாகத் தேடிப் பிடித்து டிக்கெட் போட்டிருக்கிறான் அந்த மகராசன். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுப் போக அவனுக்கு மனம் வருமா? மூன்று பேருக்கு ஆறு பெட்டி. ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, பருப்புப்பொடி, தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், முறுக்கு டப்பா என்று நியூவார்க் ஏர்போர்ட்டிலிருந்து ஒரு மளிகைக் கடையே விமானம் ஏறியது.

குக்கர் பாரிஸிலேயே உயிரை விட்டது. அமெரிக்கக் குக்கரை அந்த ஊர்க் கரண்டில் சொருகினால் என்ன ஆகும் என்று பத்தாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். மதன் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கில் ஃபர்ஸ்ட் கிளாஸ். பிளக்கை மாட்டுகிற அடாப்டரை வாங்கியவன் வோல்டேஜை மறந்துவிட்டான். புகை அலாரம் அலறி, ஹோட்டலில் இருந்தவர்களெல்லாம் நைட்டியும் துண்டுமாகத் தெருவில் நின்றார்கள். செத்த குக்கரையாவது அங்கேயே போட்டானா என்றால் அதுவும் இல்லை. 'ஊர்ல போய் ரிப்பேர் பண்ணலாம்' என்று திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

ஐரோப்பாவும் லேசுப்பட்டதில்லை. போய் இறங்கிய மறுநாளே ரயில்காரர்கள் ஸ்டிரைக். ஸ்டிரைக் முடிந்ததும், முன்கூட்டியே வாங்கிவந்த ரயில் பாஸ் மட்டும் போதாது, சீட்டுக்குத் தனியாக ரிசர்வேஷன் போட வேண்டும் என்றார்கள். ரிசர்வேஷனுக்கு நின்ற வரிசை நகரவே இல்லை. ஒரு வண்டியில் ஏசி கிடையாது, ஜன்னலும் திறக்காது. இன்னொன்றில் கக்கூஸைப் பூட்டி, அதில் அழகான எழுத்தில் மன்னிப்பு வேறு கேட்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் லிஃப்ட் ரிப்பேர். ஆறு பெட்டியையும் படிப்படியாக இறக்கி, மறுபக்கம் படிப்படியாக ஏற்றி, மேலே வந்து மூச்சு வாங்கும்போது 'பிளாட்பாரம் மாறிவிட்டது' என்று போர்டு சொல்லும். உலகத்துக்கே நாகரிகம் சொல்லிக்கொடுத்தவர்களாம். ஒரு வண்டியைச் சொன்ன நேரத்துக்கு விட வக்கில்லை. பதிமூன்று வயது ரோஷினி 'ஐ ஹேட் திஸ்' என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் வந்தாள். இவ்வளவையும் வான்மதி வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் வாயைத் திறந்தது ஒரே ஒரு இடத்தில். மலைநாட்டுக்குப் போகிற வண்டி. ரிசர்வ் செய்த சீட் முன் பக்கப் பெட்டியில். அங்கே இருந்த லக்கேஜ் ரேக்கில் இவர்களுடைய ஒரு பெட்டியை வைக்கவே இடம் போதவில்லை. அச்சுதனின் ஷீட்டில்தான் கடைசிப் பெட்டி காலியாக இருக்கும் என்று எழுதியிருக்கிறதே, ஆறையும் அங்கே கொண்டுபோய் வைத்துக்கொண்டு தானும் அங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றான் மதன். வான்மதி பிளாட்பாரத்துப் போர்டைக் காட்டினாள்.

"ரெண்டு ஊர் பேர் போட்டிருக்குங்க. வண்டி நடுவுல பிரியும்போல இருக்கு. கடைசிப் பெட்டி வேணாம்."

"இது என்ன உன் நியூஜெர்சி லோக்கலா? எல்லாம் ஷீட்ல இருக்கு, பேசாம உக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வண்டி ஒரு ஜங்ஷனில் நின்றது. இரண்டாகப் பிரிந்தது. முன்பாதி வான்மதியையும் ரோஷினியையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய ஊரைப் பார்த்து ஒழுங்காகப் போயிற்று. பின்பாதி மதனையும் ஆறு பெட்டிகளையும் சுமந்துகொண்டு வேறு ஏதோ ஒரு பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்று பேரின் பாஸும் மதனின் போனில். பாஸ்போர்ட், கார்டு, காசு எல்லாம் மதனின் இடுப்புப் பையில். இன்டர்நேஷனல் பிளான்கூட அவன் போனுக்கு மட்டும்தான். ஒரு வீட்டுக்கு ஒரு போன் போதும், மற்றவர்களுக்கு வைஃபை இருக்கிறது என்று எடிசன்காரர்கள் எல்லோரும் மிச்சம் பிடிக்கிற இடம் அது. டிக்கெட் பரிசோதகர் வந்தார். வான்மதி சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், மரியாதையாகவே இரண்டு பேரையும் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டார். ஸ்டேஷன் என்று பெயர்தான். ஒரு பெஞ்ச், ஒரு காபி மெஷின், சுற்றிலும் மலை. ஆள் இல்லை. மழை தூற ஆரம்பித்தது. ரோஷினி பிறந்து வளர்ந்தது அமெரிக்காவில், தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்லுவாள். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மா, பயமா இருக்கு" என்றாள்.

நெடுநேரம் கழித்து, நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்ணிடம் ரோஷினி கெஞ்சி ஹாட்ஸ்பாட் வாங்கினாள். வான்மதி மதனை அழைத்தாள். அவன் எடுத்தவுடன் சொன்னது இதுதான்:

"பெட்டியெல்லாம் சேஃப். டென்ஷன் ஆகாதே. அடுத்த வண்டி புடிச்சு நீங்க இங்க வந்துடுங்க. இத்தனைய வெச்சுக்கிட்டு என்னால நகர முடியாது."

பாஸை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். நல்லவேளை, அதற்காவது புத்தி வேலை செய்தது. இரண்டு வண்டி மாறி, நனைந்த கோழியாக அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் ஓடிவந்து ரோஷினியைக் கட்டிக்கொண்டான். குரல் தழுதழுத்தது. "பைத்தியம் புடிச்ச மாதிரி உங்களைத் தேடி அலைஞ்சேன் மதி. ஒரு வாய்த் தண்ணி இறங்கலை" என்றான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் வான்மதி மீதிப் பயணத்தைக் கழித்தாள். மடையன்தான், பிடிவாதக்காரன்தான், போனில் பேசத் தெரியாதவன்தான். ஆனால் நம்மைக் காணோம் என்று தவித்திருக்கிறான் இல்லையா? பதினைந்து வருடம் குடித்தனம் பண்ணின ஆளிடம் அதுவாவது மிஞ்சியிருக்கிறதே என்று நினைத்தாள். அதனால்தான் ஊர் திரும்பி அவன் கதையைத் திருப்பிப் போட்டபோதும் பொறுத்துக்கொண்டாள். 'நம்ம மேடம் ஜன்னல் சீட்டுக்கு ஆசைப்பட்டு வேற ஊருக்குப் போயிட்டாங்க' என்று போன வீட்டிலெல்லாம் சொன்னான். சிரிப்பு. மளிகைக் கடையில் யாரோ முன்பின் தெரியாத அம்மாள்கூட, 'ட்ரெயின்ல தொலைஞ்சது நீங்கதானா' என்று கேட்டாள். தினமும் நியூயார்க் போய் வருகிறவள், போக வேண்டிய வண்டியில் சரியாக உட்கார்ந்திருந்தவள், அந்த வட்டாரத்துக்கே ரயில் ஏறத் தெரியாதவள் ஆகிப்போனாள்.

பாட்லக் தாமஸ் வீட்டில் நடந்தது. தாமஸும் அவன் மனைவி ஜெயகுமாரியும் அடுத்த கோடையில் ஐரோப்பா கிளம்புகிறார்கள், அதனால் டிவியும் அவர்களுடையது, ஆர்வமும் அவர்களுடையது. வான்மதி தயிர்சாதத்தைக் கிச்சனில் வைக்கப் போனபோது அங்கே அச்சுதனின் மனைவி மாளவிகா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். ரொம்பக் கஷ்டப்பட்டுட்டியா மதி என்று தணிந்த குரலில் கேட்டாள். வான்மதி ஆமாம் என்றதும் அந்த அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"வெளிய சொல்லிடாதே. நாங்க ட்ரெயின்ல போனது முதல் நாள் மட்டும்தான். மறுநாளே டிரைவரோட ஒரு வேன் பேசிட்டாரு. அந்த ஷீட்டு எல்லாம் நெட்ல பாத்துப் போட்டது."

வான்மதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹாலில் அந்த மனிதர் சோபாவின் நடுவில் அட்டணக்கால் போட்டு உட்கார்ந்து, ரயில் பயணத்தின் அருமையைப் பற்றித் தாமஸுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

மதன் போனை டிவியில் இணைத்து ஆல்பத்தை ஓடவிட்டான். பாரிஸ், வாவ். ஏரி, வாவ். ஜங்ஷன் வந்தது. ஜன்னல் சீட் கதையைச் சொன்னான், ஹால் சிரித்தது. ஜெயகுமாரி வான்மதியின் தொடையில் செல்லமாகத் தட்டினாள். அடுத்த போட்டோ தானாக வந்து நின்றது.

ஒரு ஸ்டேஷன். பின்னால் பனிமலை. முன்னால் ஆறு பெட்டிகளும் உயர வாரியாக, கல்யாணத்தில் குரூப் போட்டோவுக்கு நிறுத்தின மாதிரி வரிசையாக நின்றன. ஒரு பெட்டியின் மேல் காபிக் கோப்பையும் சாக்லேட் வைத்த ஒரு பன்னும். அடுத்தது, அதே பெட்டிகளோடு மதனின் செல்ஃபி. கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்ததில் பன் பாதிதான் மிச்சம் இருந்தது. அதற்கடுத்து மலை, மலை, இன்னொரு கோணத்தில் மலை.

"இந்த வியூக்காகவே போகலாம் தாமஸ்" என்றான் மதன்.

வான்மதி எழுந்து நின்றாள்.

"இது நாங்க காணாமப் போயிருந்தப்ப எடுத்ததா?"

"ஆமா. வேற என்ன பண்றது, சும்மாதானே உக்காந்திருந்தேன்" என்றான் அவன், சிரிப்பு மாறாமல். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

ரோஷினி கார்ப்பெட்டில் மற்றப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். "யூ செட் யூ வேர் லுக்கிங் ஃபார் அஸ், டாட்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஹாலில் ஒருவரும் வாவ் சொல்லவில்லை. தாமஸ் ரிமோட்டைத் தேடினான். மதன் ஏதோ விளக்க ஆரம்பித்தான், பெட்டியை விட்டுவிட்டுப் போனால் திருட்டுப் போய்விடும், அந்த ஊரில் அப்படி என்று.

செத்த குக்கர் இருந்த பெட்டியும் அந்த ஆறில் ஒன்று என்று வான்மதிக்கு நினைவு வந்தது. இவனுக்காகவா இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஜெயகுமாரியிடம் குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்: "ஜெயா, நீங்க வேன் பேசிக்கோங்க. அச்சுதனும் வேன்லதான் சுத்தினாரு. நம்பர் அவர்கிட்டயே இருக்கும்." அச்சுதனின் கால் கீழே இறங்கியது. மாளவிகா கிச்சன் வாசலில் அப்பளத் தட்டோடு நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

வான்மதி மகளைக் கூப்பிட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு இருவரும் வெளியே போனார்கள். ஜன்னலில் மதனின் தலை தெரிந்தது, சும்மா காற்றாட நிற்கப் போகிறாள் என்று நினைத்திருப்பான். கார் கிளம்பியது.

வீட்டுக்குப் பாதி தூரம் போயிருப்பார்கள், போன் அடித்தது. ரோஷினி ஸ்பீக்கரில் போட்டாள். எங்கே போயிட்டீங்க, காரை வேற எடுத்துட்டுப் போயிட்டா நான் எப்படி வர்றது, எல்லாரும் பாக்கிறாங்க என்று மதன் பதறிக்கொண்டிருந்தான். வான்மதி அவன் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் சேஃப். டென்ஷன் ஆகாதீங்க" என்றாள். "அடுத்த வண்டி புடிச்சு வாங்க."